ஃபார்முலா சரி, விடை மட்டும் தப்பு... கணக்குத் தேர்வில் மார்க் நழுவும் அந்த ஒரு வரி எது?

'ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். ஆனா விடை மட்டும் வரமாட்டேங்குது.' பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் தேர்வு நெருங்க நெருங்க அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. திருத்திய விடைத்தாளை வாங்கிப் பார்த்தால் சூத்திரம் சரியாகத்தான் எழுதியிருக்கும். கூட்டல், பெருக்கலிலும் பெரிய தப்பு இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரி இருக்கும். எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணைப் போடும் வரி. சறுக்கல் அங்கேதான்.

பாடப்புத்தகம் இதை 'பிரதியிடுதல்' என்கிறது. வகுப்பில் 'வேல்யூவை சப்ஸ்டிட்யூட் பண்ணு' என்பார்கள். கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கிறது, அதனாலேயே யாரும் இதைத் தனியாக உட்கார்ந்து பழகுவதில்லை. 1983-ல் ஒரு பயணிகள் விமானம் நடுவானில் எரிபொருள் இல்லாமல் நின்றுபோனதற்கும் இதே வரிதான் காரணம். அந்தக் கதைக்குப் போகும் முன் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

எழுத்துக்குப் பதில் எண், அவ்ளோதானா?

ஆட்டோ மீட்டரை எடுத்துக்கொள்வோம். 2013 ஆகஸ்டில் சென்னைக்குத் தமிழக அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். (மீட்டர் போட்டு ஓட்டுறாங்களா என்பது தனிக் கதை.)

போகும் தூரத்துக்கு 'க' என்று பெயர் வைத்தால், கட்டணத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

25 + 12(க − 1.8)

இதுதான் இயற்கணிதக் கோவை. 'க' மாறி, 25 மாறிலி. இன்றைக்கு 6.8 கிலோமீட்டர் போனால் 'க' இருந்த இடத்தில் 6.8. அடைப்புக்குள் 6.8 − 1.8 = 5. பிறகு 12 × 5 = 60. அதோடு 25 சேர்த்தால் 85 ரூபாய். நாளைக்கு 10 கிலோமீட்டர் போனாலும் கோவை மாறாது, உள்ளே போகும் எண் மட்டும்தான் மாறும்.

இங்கே ஒரு சின்ன சோதனை. ஒரே ஒரு கிலோமீட்டர் போனால்? 'க'-வுக்கு 1 போட்டால் அடைப்புக்குள் −0.8 வருகிறது. மொத்தம் 15.40 ரூபாய் என்று கணக்கு சொல்கிறது. உண்மையில் கட்ட வேண்டியது 25 ரூபாய். கணக்கு போட்டதில் தப்பே இல்லை. அந்தக் கோவை 1.8 கிலோமீட்டருக்கு மேல் போகும்போதுதான் பொருந்தும், அவ்வளவுதான். எந்த எண்ணையும் எங்கேயும் போடலாம் என்பது கிடையாது. பத்தாம் வகுப்பில் 'விலக்கப்பட்ட மதிப்பு' என்று ஒரு பகுதி வருமே, அதுவும் இதே சங்கதிதான். பகுதியில் (எக்ஸ் − 2) இருந்தால் எக்ஸ்-க்கு 2 போடக்கூடாது, பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டி வந்துவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெருக்கல்

ஆறாம், ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் ஆரம்பிக்கும்போது வரும் முதல் குழப்பம் வேறு மாதிரி. 5எக்ஸ் என்று எழுதியிருக்கிறது, எக்ஸ் = 3 என்று கொடுத்திருக்கிறது. பிள்ளை 53 என்று எழுதும். சிரிக்க வேண்டாம், பிள்ளையின் பார்வையில் அது நியாயமான விடை. எழுத்தை எடுத்துவிட்டு எண்ணை வைக்கச் சொன்னார்கள், வைத்துவிட்டது.

சொல்லாமல் விடப்பட்டது ஒன்றுதான். எண்ணும் எழுத்தும் ஒட்டி நின்றால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. எழுத்து இருக்கும் வரை அது மறைந்திருக்கலாம். எண் வந்து உட்கார்ந்ததும் வெளியே வந்தாக வேண்டும். 5எக்ஸ் என்பது 5 × 3, அதாவது 15. ஏபி என்று ஒட்டி எழுதி ஏ = 2, பி = 3 என்றால் 6, இருபத்து மூன்று அல்ல.

அடுத்த குழப்பம் அடுக்கு. எக்ஸ் = 2 என்றால் 3எக்ஸ்² எவ்வளவு? 12 என்பது சரி. 36 என்று எழுதுபவர்கள் 3-ஐயும் சேர்த்து வர்க்கப்படுத்தியவர்கள். மேலே இருக்கும் அந்தக் குட்டி 2, தனக்கு நேர் கீழே இருக்கும் எக்ஸ்-க்கு மட்டும் சொந்தம். பக்கத்து வீட்டு 3-க்கு அதில் பங்கு இல்லை. 36 வர வேண்டும் என்றால் கேள்வியில் (3எக்ஸ்)² என்று இருந்திருக்க வேண்டும்.

மைனஸ் வந்தால்தான் உண்மையான ஆட்டம்

இதுவரை பார்த்தது எல்லாம் எட்டாம் வகுப்புக்குள் சரியாகிவிடும். கடைசி வரை கூடவே வருவது மைனஸ். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்:

எக்ஸ் = −3 எனில், எக்ஸ்² − 4எக்ஸ் + 1 -இன் மதிப்பு என்ன?

எக்ஸ் இருக்கும் இடத்தில் எல்லாம் −3-ஐ அப்படியே எழுதினால் இப்படி இருக்கும்: −3² − 4 −3 + 1. இதை எழுதிய மாணவிக்கே அடுத்த வரியில் சந்தேகம் வந்துவிடும். நாலுக்கும் மூணுக்கும் நடுவில் இருப்பது பெருக்கலா, கழித்தலா? முதல் மைனஸ் வர்க்கத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

இதையே அடைப்புக்குறி போட்டு எழுதினால்: (−3)² − 4(−3) + 1. இப்போது குழம்ப இடமே இல்லை. 9 + 12 + 1 = 22.

அடைப்புக்குறி இல்லாமல் போட்டவர்களுக்கு என்ன வரும்? வர்க்கத்தில் மட்டும் தப்பினால் −9 + 12 + 1 = 4. நடுவில் மட்டும் தப்பினால் 9 − 12 + 1 = −2. இரண்டிலும் தப்பினால் −9 − 12 + 1 = −20. இந்தக் கேள்வி ஒரு மதிப்பெண் பகுதியில் வந்தால் நான்கு விருப்பங்கள் என்னவாக இருக்கும் என்று யூகித்துப் பாருங்கள். 22, 4, −2, −20. தப்பாகப் போட்டவருக்கும் தன்னுடைய விடை அங்கே தயாராக இருக்கும், அதனால் 'சரியாத்தான் போட்டிருக்கோம்' என்ற நம்பிக்கையும் வந்துவிடும். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு மாணவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

மைனஸ் 3-இன் வர்க்கம் 9-ஆ, −9-ஆ?

இந்தச் சண்டை பல வீடுகளில் நடக்கும். இரண்டுமே சரி, எதைக் கேட்கிறோம் என்பதுதான் விஷயம்.

10 − 3² எவ்வளவு என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் 1 என்பார்கள். முதலில் 3-இன் வர்க்கம் 9, பிறகு 10-இலிருந்து கழித்தல். அந்த 10 இருந்த இடத்தில் பூஜ்ஜியத்தை வைத்தால் 0 − 3² = −9. பூஜ்ஜியத்தை எழுதாமல் விட்டால் −3². ஆக −3² என்பது −9. அடுக்கு முதலில், மைனஸ் அப்புறம். (−3)² என்பது வேறு. அங்கே மைனஸ் மூன்று என்ற முழு எண்ணையும் இரண்டு முறை பெருக்கச் சொல்கிறார்கள். விடை 9.

எக்ஸ் = −3 என்று கேள்வி சொல்லும்போது, எக்ஸ் என்ற பெட்டிக்குள் இருப்பது மைனஸோடு சேர்ந்த மூன்று. எக்ஸ்² என்றால் பெட்டிக்குள் இருப்பதை முழுசாக வர்க்கப்படுத்து என்று அர்த்தம். அடைப்புக்குறி அந்தப் பெட்டியின் சுவர். சுவரை எடுத்துவிட்டால் மைனஸ் வெளியே ஓடிவிடும்.

மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. −3 × 2 = −6, −3 × 1 = −3, −3 × 0 = 0. ஒவ்வொரு படியிலும் விடை 3 கூடிக்கொண்டே வருகிறது. அடுத்த படி −3 × (−1). வரிசை உடையாமல் இருக்க வேண்டும் என்றால் அது 3 ஆகத்தான் இருக்க முடியும். இந்த விதியை கி.பி. 628-லேயே பிரம்மகுப்தர் தன் பிரம்மஸ்புடசித்தாந்தத்தில் எழுதிவைத்துவிட்டார். குறை எண்களை அவர் கடன் என்றும் மிகை எண்களைச் செல்வம் என்றும் சொன்னார். கடனையும் கடனையும் பெருக்கினால் செல்வம் என்பது அவர் கணக்கு. ஐரோப்பாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் குறை எண்களை ஏற்றுக்கொள்ளத் தயங்கிய கணித மேதைகள் இருந்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டருக்கே இதில் ஒரே கருத்து இல்லை

எக்செல் வைத்திருப்பவர்கள் ஒரு செல்லில் =-3^2 என்று அடித்துப் பாருங்கள். 9 என்று வரும். அதையே =0-3^2 என்று அடித்தால் −9. முன்னால் எண் எதுவும் இல்லாமல் தனியாக நிற்கும் மைனஸை எக்செல் அடுக்குக்கு முன்பே பார்த்துவிடும், அதனால்தான் இந்த வித்தியாசம். பைத்தான் மொழியில் இதே கணக்கைப் போட்டால், பள்ளியில் சொல்லித் தருவது போல −9 வரும்.

எக்செலில் இருப்பது கோளாறு அல்ல, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வீட்டில் எக்செல் வைத்து விடையைச் சரிபார்க்கும் அப்பாவும், நோட்டில் −9 எழுதிய மகளும் அரை மணி நேரம் வாதாட இது போதும். இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு எழுதினால் எல்லா இடத்திலும் ஒரே விடை வரும். எப்படியும் பத்தாம் வகுப்புத் தேர்வு அறைக்குள் கால்குலேட்டர் கிடையாது, கையெழுத்தில் இருக்கும் அடைப்புக்குறியைத்தான் நம்ப வேண்டும்.

இருபடிச் சமன்பாடு: ஒரே கேள்வி, மூன்று விடை

அதிக மார்க் போகும் இடம் இது. கேள்வி: 2எக்ஸ்² − 5எக்ஸ் − 3 = 0.

சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ், ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, பை டூ ஏ. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இங்கே ஏ = 2, பி = −5, சி = −3. இந்த மூன்றையும் குறியோடு தனியாக எழுதிவைப்பதுதான் முதல் வேலை. பி-யை 5 என்றும் சி-யை 3 என்றும் மனதுக்குள் வைத்துக்கொண்டு நேராகச் சூத்திரத்துக்குள் குதிப்பவர்களுக்கு அடுத்து என்ன நடக்கிறது?

சரியாகப் போட்டால், பி² − 4ஏசி = (−5)² − 4(2)(−3) = 25 + 24 = 49. வர்க்கமூலம் 7. மைனஸ் பி என்பது −(−5), அதாவது 5. ஆக எக்ஸ் = (5 + 7)/4 = 3, அல்லது (5 − 7)/4 = −1/2.

அடைப்புக்குறி இல்லாமல் −5² என்று எழுதி அதை −25 ஆக்கினால், −25 + 24 = −1. தன்மைக்காட்டி பூஜ்ஜியத்தை விடக் குறைவு, எனவே 'மெய் மூலங்கள் இல்லை' என்று முடித்துவிடுவார்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி அங்கேயே நின்றுபோகும்.

சி-யின் மைனஸை மட்டும் தவறவிட்டால், 25 − 24 = 1. வர்க்கமூலமும் 1. எக்ஸ் = 6/4 அல்லது 4/4, அதாவது 1.5, 1. இதுதான் மூன்றிலும் ஆபத்தானது. எண்கள் அழகாக இருக்கின்றன, ரூட் சுத்தமாக வந்திருக்கிறது, சந்தேகப்பட எதுவுமே இல்லை. ஆனால் விடை முழுத் தப்பு.

இதைக் கண்டுபிடிக்கவும் பிரதியிடுதலே உதவும். கிடைத்த விடையைத் திரும்ப கேள்விக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸ் = 3 போட்டால் 2(9) − 5(3) − 3 = 18 − 15 − 3 = 0. சரி. எக்ஸ் = 1.5 போட்டால் 4.5 − 7.5 − 3 = −6. பூஜ்ஜியம் வரவில்லை, எங்கோ தப்பு. அரை நிமிட வேலை. மற்ற பாடங்களில் எழுதிய விடை சரியா என்று மார்க் வரும் வரை காத்திருக்க வேண்டும். இங்கே தேர்வு அறையிலேயே தெரிந்துவிடும்.

கூட்டுத் தொடர்வரிசையிலும் இதே கதைதான். 10, 7, 4, ... என்ற வரிசையின் 20-ஆவது உறுப்பு கேட்கிறார்கள். முதல் உறுப்பு 10, பொது வித்தியாசம் −3. சரியாகப் போட்டால் 10 + 19(−3) = 10 − 57 = −47. அடைப்புக்குறியை விட்டு 10 + 19 − 3 என்று எழுதினால் 26. இறங்கிக்கொண்டே போகும் வரிசையில் 20-ஆவது உறுப்பு முதல் உறுப்பை விடப் பெரிதாக எப்படி இருக்கும்? விடை வந்ததும் ஒரு நொடி கேட்க வேண்டிய கேள்வி இது.

காய்ச்சல் 23.8 டிகிரி?

விடை நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது தேர்வுக்கு மட்டும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல், தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது. வாங்கிவந்த மருந்துச் சீட்டில் செல்சியஸில் எழுதியிருக்கிறது. மாற்றும் சூத்திரம்: செல்சியஸ் = 5/9 × (ஃபாரன்ஹீட் − 32).

அடைப்புக்குள் முதலில்: 100.4 − 32 = 68.4. அதை 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 38. அடைப்புக்குறியைக் கவனிக்காமல் 100.4-ஐ முதலில் 5/9-ஆல் பெருக்கி, பிறகு 32 கழித்தால் 23.8. உயிரோடு இருக்கும் குழந்தையின் உடம்பு 23.8 டிகிரி செல்சியஸில் இருக்காது, அது ஏசி அறையின் குளிர். கணக்கு தெரியாதவர்கூட இது தப்பு என்று சொல்லிவிடலாம்.

எல்லாத் தப்பும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்துவிட்டால் நல்லது. தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்த விமானம்.

41,000 அடி உயரத்தில் நின்றுபோன இன்ஜின்

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143-ஆம் எண் விமானம் மாண்ட்ரியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குக் கிளம்பத் தயாரானது. போயிங் 767, அப்போது புத்தம் புது ரகம். கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தில் எரிபொருளைப் பவுண்டில் அல்லாமல் கிலோவில் கணக்கிடும் முதல் ரக விமானம் இது.

அன்றைக்கு விமானத்தின் எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை. அதனால் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கையால் அளந்து, மீதி எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டார்கள். தேவை 22,300 கிலோ. டேங்கில் இருந்தது 7,682 லிட்டர். ஒரு லிட்டர் எரிபொருளின் எடையை 'அ' என்று வைத்தால், நிரப்ப வேண்டிய லிட்டர்:

(22,300 − 7,682 × அ) ÷ அ

எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கோவை. 'அ'-வுக்கு என்ன போடுவது என்பதுதான் கேள்வி. அவர்கள் போட்டது 1.77. அதுதான் அதுவரை எல்லோரும் பழகியிருந்த எண். ஒரு லிட்டர் விமான எரிபொருளின் எடை 1.77 என்பது உண்மைதான், ஆனால் அது பவுண்டில். கிலோவில் சொன்னால் சுமார் 0.8.

1.77 போட்டதும் 7,682 × 1.77 = 13,597. இவ்வளவு கிலோ ஏற்கெனவே இருக்கிறது என்று நினைத்தார்கள். மீதி 8,703. அதை 1.77-ஆல் வகுத்தால் 4,917 லிட்டர். அதை நிரப்பினார்கள். உண்மையில் நிரப்பியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கும் அதிகம்.

கோவை சரி. பெருக்கல் சரி, கழித்தல் சரி, வகுத்தல் சரி. 'அ' வரும் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைப் போட்டிருந்தார்கள், அதுவும் விதிப்படி சரி. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாலும் அதே 4,917-தான் வரும். ஒட்டாவாவில் இறங்கியபோது மறுபடியும் அளந்தார்கள், மறுபடியும் அதே 1.77. தப்பான மதிப்பை வைத்துச் சரிபார்த்தால் தப்பு சரியாகத்தான் தெரியும்.

22,300 கிலோ இருக்கிறது என்று நம்பி மாண்ட்ரியலில் கிளம்பிய விமானத்தில் உண்மையில் இருந்தது அதில் பாதிக்கும் குறைவு. ஏறக்குறைய 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எச்சரிக்கை மணி அடித்தது. முதலில் ஒரு இன்ஜின் நின்றது, கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும். உள்ளே 61 பயணிகள், 8 ஊழியர்கள்.

விமானி பாப் பியர்சன் இன்ஜின் இல்லாத கிளைடர் விமானங்களை ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குவின்டலுக்குப் பக்கத்தில் கிம்லி என்ற ஊரில் ஒரு பழைய விமானப்படைத் தளம் இருப்பது தெரியும், அங்கேதான் அவர் முன்பு பணியாற்றினார். அந்த ஓடுபாதை கார் பந்தயத் தடமாக மாறியிருந்ததும், அன்றைக்கு அங்கே குடும்பம் குடும்பமாக ஆட்கள் கூடியிருந்ததும் அவருக்குத் தெரியாது. சத்தமே இல்லாமல் வந்து இறங்கியது விமானம். முன்சக்கரம் மடங்கி மூக்குப் பகுதி தரையில் உரசிக்கொண்டே போய் நின்றது. சிலருக்குச் சிறு காயங்கள், உயிரிழப்பு இல்லை. 'கிம்லி கிளைடர்' என்ற பெயரோடு அதே விமானம் பழுது பார்க்கப்பட்டு 2008 வரை பறந்தது.

இயற்பியல் தேர்வில் 'அலகு எழுது, அலகு எழுது' என்று ஆசிரியர்கள் நச்சரிப்பது இதனால்தான். 'அ = 1.77 பவுண்டு' என்று ஒருவர் அலகோடு எழுதியிருந்தால், 22,300 கிலோவுக்குப் பக்கத்தில் அது பொருந்தாமல் நின்றிருக்கும்.

ஒரு எண்ணைப் போட்டு எதைக் கண்டுபிடிக்கலாம், எதை முடியாது?

பிரதியிடுதலுக்கு இன்னொரு பயன் உண்டு. (ஏ + பி)² என்பது ஏ² + பி² தானே என்று சந்தேகமா? ஏ = 2, பி = 3 போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் 25, இன்னொரு பக்கம் 13. முடிந்தது, சமம் இல்லை. தேர்வு அறையில் முற்றொருமை மறந்துபோனால் இப்படிச் சோதித்துக்கொள்ளலாம்.

ஆனால் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ = 0 போட்டால் இரண்டு பக்கமும் பி² என்று வந்து ஏமாற்றிவிடும். 2எக்ஸ்-ம் எக்ஸ்²-ம் ஒன்றா என்று பார்க்க எக்ஸ் = 2 போட்டால் இரண்டும் 4. எக்ஸ் = 3 போட்டால்தான் 6, 9 என்று உண்மை தெரியும். ஒரு எண்ணுக்குப் பொருந்தவில்லை என்றால் சமம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரு எண்ணுக்குப் பொருந்திவிட்டது என்பதால் எப்போதும் சமம் என்று சொல்ல முடியாது. 'நிரூபி' என்று கேட்ட கேள்விக்கு இரண்டு எண்களைப் போட்டுக் காட்டினால் மார்க் கிடைக்காததும் அதனால்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெற்றோருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பிள்ளையின் நோட்டைத் திறந்து, எண் போட்ட முதல் வரியை மட்டும் பார்த்தால் போதும். எழுத்து இருந்த ஒவ்வொரு இடத்திலும் அடைப்புக்குறி இருக்கிறதா? பிளஸ் எண்ணாக இருந்தாலும் போடட்டும், பழக்கம் அப்படித்தான் வரும். அந்த வரியைத் தவிர்த்துவிட்டு மனக்கணக்காக அடுத்த வரிக்குத் தாவுகிறார்களா? அப்படித் தாவும்போது விடை தப்பானால், படிகளுக்குக் கிடைக்க வேண்டிய மார்க்கும் சேர்ந்து போகும். பின்னத்துக்கும் இது பொருந்தும். எக்ஸ் = 1/2 என்றால் எக்ஸ்² என்பது (1/2)² = 1/4. அடைப்பு இல்லாமல் எழுதினால் வர்க்கம் மேலே இருக்கும் 1-க்கா, கீழே இருக்கும் 2-க்கா என்று எழுதியவருக்கே தெரியாது.

இன்றைக்கே முயன்று பார்க்க ஒரு கணக்கு: எக்ஸ் = −2 எனில் 3எக்ஸ்² − எக்ஸ் + 4 எவ்வளவு?

சரியான விடை 18. பிள்ளைக்கு 14 வந்தால், நடுவில் −(−2) பிளஸ் ஆகும் என்பதைக் கவனிக்கவில்லை. 42 வந்தால், 3-ஐயும் சேர்த்து வர்க்கப்படுத்தியிருக்கிறது. −6 வந்தால், (−2)²-ஐ −4 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. −10 வந்தால் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து நடந்திருக்கின்றன, அந்த நோட்டில் அடைப்புக்குறியே இருக்காது.